உட்கார்ந்த நாட்கள்

மார்ச் 4 — 50
ஏப்ரல் 17 — 50
மே 29 — 75
ஜூலை 8 — 75
ஆகஸ்ட் 21 — 100
அக்டோபர் 3 — 100
நவம்பர் 26 — 150

இது ஒரு நன்றி அட்டை. ஆண்டின் கடைசி வேலை நாளில், ஓரத்தில் மஞ்சள் நாடா ஒட்டிய பலகையில், ‘தோழிகளின் சிரிப்பு’, ‘மேலாளரின் ஊக்கமான சொற்கள்’, ‘நிறுவனம் என் இரண்டாவது வீடு’ என்றெல்லாம் எழுதிய அட்டைகளுக்கு நடுவே இதுவும் குத்தியிருந்தது. தேதிகள், கஞ்சியக்கா வேலை நேரத்தில் உட்கார்ந்த நாட்கள். எதிரே உள்ள தொகைகள், உட்கார்ந்த குற்றத்துக்காக அவள் சம்பளத்தில் பிடித்தவை. அட்டையில் வேறு ஒரு சொல்லும் இல்லை.

அவள் திருடவில்லை. தூங்கவில்லை. ஒரு துணியைக்கூடக் கருக்கவில்லை. உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மனுஷி உட்கார்ந்ததற்கு அபராதமா என்று யாராவது கேட்டால், ஆமாம், அபராதம்தான். அதற்கென்று அச்சடித்த சீட்டுப் புத்தகமே இருந்தது.

நாலைந்து மருத்துவமனைகளிலிருந்தும் சில விடுதிகளிலிருந்தும் அழுக்குத் துணியை மூட்டை மூட்டையாக வாங்கித் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. வாசல் பக்கம் தராசு. அதைத் தாண்டினால் துவைக்கும் இயந்திரங்கள், அப்புறம் உலர்த்தும் இயந்திரங்கள், கடைசியாக மடிப்பறை. மடிப்பறையில் ஆறு பெண்கள். மூத்தவள் கஞ்சியக்கா; இருபத்தொரு வருஷமாக அங்கே மடிக்கிறாள். வளையாத கழுத்தும் வணங்காத முதுகுமாக, கஞ்சி போட்டு நிறுத்திய சட்டைக் காலர் மாதிரி நடப்பாள் என்பதால் அந்தப் பெயர். வைத்தது யார் என்று தெரியாது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. “தொவண்டு போறதுக்கு இது மேல்” என்பாள்.

மடிப்பறை வேலையில் இரண்டு வகை உண்டு. படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மூலைக்கு மூலை பிடித்து, உதறி, நடந்து வந்து சேர்க்க வேண்டும். அதை உட்கார்ந்து செய்ய முடியாது. செய்கிறேன் என்று எவளும் சொன்னதும் இல்லை. துண்டு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி இவை சின்னத் துணிகள். இவற்றை மேஜைமேல் கொட்டி, நான்கு ஸ்டூல்களில் மாறி மாறி உட்கார்ந்து மடிப்பது வழக்கம். காலையில் விரிப்பு, பிற்பகலில் சின்னத் துணி. கால்கள் அரை நாள் உழைத்து அரை நாள் ஆறும். இருபது வருஷம் இப்படித்தான் ஓடியது.

இருபத்தோராம் வருஷம் தொடங்கியபோது ஒரு மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். பேசும்போதும் சாப்பிடும்போதும் மணிக்கட்டையே பார்ப்பவர். வந்த வாரமே ‘கடிகாரம்’ ஆகிவிட்டார். நின்றால் கை வேகமாக ஓடும் என்று எந்தப் பயிற்சி வகுப்பில் படித்தாரோ, ஒரு திங்கட்கிழமை பெண்கள் வந்து பார்த்தபோது நான்கு ஸ்டூல்களும் இல்லை. வேலை நேரத்தில் உட்கார்ந்தால் அபராதம் என்று சுவரில் ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது.

“ஸ்டூல் எங்கே சார்?” என்று கஞ்சியக்கா கேட்டாள்.

“கிடங்குல இருக்கு.”

“அங்க யார் உட்கார்றா?”

கடிகாரம் மணியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஐம்பத்தாறு வயதில் முழங்கால் நம் பேச்சைக் கேட்பதில்லை. நாம்தான் அதன் பேச்சைக் கேட்க வேண்டும். மார்ச் நான்காம் தேதி கேட்டாள். அங்கிகளை மடித்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் கிடந்த துண்டு மூட்டைமேல் உட்கார்ந்து, கையை நிறுத்தாமல் மடித்தாள். இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்த துண்டுகள். சூடு துணியைத் தாண்டி இடுப்புக்கு ஏறியது. ஐந்து நிமிஷம் இருந்திருக்கும். கடிகாரம் வந்தார், சீட்டைக் கிழித்தார், ‘தவறை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கினார். கையெழுத்து இல்லாமல் பிடிக்க முடியாது என்பது கணக்குப் பிரிவின் விதி. அந்த விதி அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. அப்படி ஏழு முறை நடந்தது. மற்ற ஐந்து பேரும் பயந்து நின்றே மடித்தார்கள். கால் வீங்கினால் வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் வைத்தார்கள்.

இப்படி ஒரு வருஷத்தை ஓட்டி முடித்த பிறகு, டிசம்பர் மூன்றாம் வாரத்தில், அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி கைநிறைய மஞ்சள் அட்டைகளோடு வந்தாள். நல்ல பெண்தான், கோபித்துப் பேசத் தெரியாதவள். ஆனால் மடிப்பறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

“எல்லாருக்கும் ஒரு அட்டை. வருஷம் முடியுது இல்லையா, இந்த வருஷம் கிடைச்ச சின்னச் சின்ன சந்தோஷங்களை நினைச்சுப் பார்த்து எழுதணும். மூணு வரி போதும். கடைசி நாள் பெரிய ஐயாவே வந்து படிப்பார். எந்தப் பிரிவுல எல்லா அட்டையும் வந்துடுதோ அந்தப் பிரிவுக்கு அன்னைக்கு அரை நாள் லீவு.”

அட்டையின் தலைப்பில் ‘இந்த ஆண்டின் நிறைகள்’ என்று அச்சிட்டிருந்தது. கஞ்சியக்கா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“குறை எழுத எடம் எங்கம்மா?”

“குறை எழுதற அட்டை இல்லைம்மா இது. நன்றி சொல்ற அட்டை.”

“யாருக்கு நன்றி?”

“பொதுவா… நிறுவனத்துக்குத்தான்.”

“எனக்கு வேண்டாம்” என்று அட்டையை மேஜையில் வைத்துவிட்டு விரிப்பின் மூலையைப் பிடித்தாள் கஞ்சியக்கா.

அந்த நிமிஷத்திலிருந்து மடிப்பறையில் அவளுக்கு நிம்மதி இல்லை. அரை நாள் லீவு சும்மாவா? ஆறு பேரில் இளையவளைச் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். அவளுடைய அம்மா பக்கத்து ஊரில் படுத்த படுக்கை. அரை நாள் கிடைத்தால் மதிய ரயிலைப் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

“மூணு வரிதானேக்கா. பொய்யாவே எழுதுங்க, என்ன கொறஞ்சு போகுது?”

“பொய் சொல்றது பெரிசில்லைடி. நன்றியைப் பொய்யா சொல்லச் சொல்றாங்க பாரு, அது பெரிசு.”

தராசுக்காரியும் வந்து பார்த்தாள். கஞ்சியக்காவின் புருஷனுக்குத் தங்கை அவள். அண்ணிதான் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். வாசலில் மூட்டைகளை நிறுத்து எடை குறிப்பது அவள் வேலை. இருவருக்கும் வீட்டிலும் இழுபறி, வேலையிலும் இழுபறி.

“ஊர் ஒத்துப்போனா ஒத்துப்போற பழக்கமே உங்களுக்குக் கிடையாதா அண்ணி? எங்க அண்ணன் எப்படித்தான் முப்பது வருஷம் ஓட்டினாரோ.”

“உன்ன வளர்த்த களைப்புல இருந்தார். நான் வந்துதான் அவரை உட்காரவச்சேன்.”

“சரி சரி, எழுதிக் குடுங்க. நான் எழுதப் போறேன். அந்தப் பொண்ணுகிட்ட சந்தேகம்கூடக் கேட்டுட்டேன்.”

என்ன சந்தேகம் என்று கஞ்சியக்கா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று மாலை வீட்டில், அவள் புருஷன் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பழைய பூட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பூட்டு, சாவி பழுது பார்ப்பது அவர் தொழில். அவள் பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அலமாரியே ஆடியது.

“உலகத்துல எல்லாப் பூட்டுக்கும் சாவி செஞ்சிட்டேன். உன் வாய்க்கு ஒரு பூட்டு செய்ய முடியல” என்றார் அவர். “என்னதான் கோபம்? இந்த வருஷம் உனக்கு ஒரு சந்தோஷமும் இல்லையா?”

“ஏன் இல்லை?” என்று திரும்பினாள். “நம்ம பொண்ணு ஆபரேஷன் முடிஞ்சு முதல் தடவையா தானே நடந்து வந்து கதவைத் தட்டினா. அது இல்லையா? என் செருப்புல ஆணி குத்துதுன்னு நான் சொல்லாமலே நீங்க பார்த்துத் தட்டி வச்சீங்க. காலைல ஆறு மணி பஸ் டிரைவர், நான் உட்கார்ற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டான், கண்ணாடில பார்த்துட்டே இருப்பான். எதிர் வீட்டுக்காரி மழை வருதுன்னு என் துணியையும் சேர்த்து எடுத்து வச்சா, அதுவும் மடிச்சு வச்சா. என் கை படாம மடிச்ச துணி வீட்டுல இருந்தது இந்த வருஷம் அந்த ஒரு நாள்தான். எனக்கு நன்றி இல்லைன்னு யார் சொன்னா? இருக்கிறவங்களுக்கு இருக்கு. அதெல்லாம் எழுதி இவங்க பலகையில குத்தணுமா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு, நீங்க ஆணி தட்டினதுக்கு அவங்க கும்பிடு வாங்கிக்குவாங்களா?”

புருஷன் கையில் இருந்த பூட்டின் சுருள்வில்லைக் கீழே வைத்தார். “அப்ப எழுதாதே” என்றார். கொஞ்சம் கழித்து, “என் பேரு பலகைல வரும்னு பார்த்தேன்” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை.

அட்டைகள் வாங்கும் நாள் வந்தது. அதிகாரிப் பெண் மடிப்பறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். தராசுக்காரி கொண்டுவந்து நீட்டிய அட்டையைப் பார்த்ததும் புருவம் ஏறியது, வாய்விட்டுப் படித்தாள்.

“பெரிய ஆஸ்பத்திரி, அழுக்கு நிறை நாற்பத்தொரு கிலோ, உலர் நிறை முப்பத்தாறு. கண் ஆஸ்பத்திரி, அழுக்கு நிறை…” அதற்குமேல் படிக்க முடியாமல் சிரித்தாள். வாசலில் நின்ற கடிகாரமும் சிரித்தார். அட்டையை வாங்கி உரக்க மறுபடி படித்தார். இயந்திரப் பக்கம் நின்ற ஆண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தராசுக்காரி தப்பு ஒன்றும் செய்யவில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் தினமும் நிரப்பும் எடைச் சீட்டில் ‘அழுக்கு நிறை’, ‘உலர் நிறை’ என்றுதான் இரண்டு கட்டங்கள். இந்த நிறுவனம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே நிறை அது. அட்டை வந்த அன்றே, “மேடம், எந்த நிறை எழுதணும்?” என்று நடைபாதையில் நிறுத்திக் கேட்டும் இருக்கிறாள். அவசரமாகப் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண், “எல்லா நிறையும் எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, எழுத்துச் சாயாமல், அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

“பரவாயில்லைம்மா, வேற அட்டை தர்றேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் அதிகாரிப் பெண். “‘மேற்பார்வையாளரின் புன்னகை’ன்னு எழுதிடுங்க. எல்லாரும் அதான் எழுதியிருக்காங்க.”

தராசுக்காரி புது அட்டையை வாங்கிக்கொண்டாள். வாய் ஓயாத அந்த நாத்தனார், சொன்னதைச் சொன்னபடி நின்றுகொண்டே எழுதிக் கொடுத்துவிட்டுத் தராசுப் பக்கம் போனாள். போகும்போது முகத்தைச் சுவர்ப் பக்கமாக வைத்துக்கொண்டாள்.

கஞ்சியக்கா கையிலிருந்த விரிப்பை விட்டுவிட்டாள். தரையில் விழுந்தது. இருபத்தொரு வருஷத்தில் துவைத்த விரிப்பை அவள் தரையில் போட்டது அன்றுதான்.

“எனக்கும் ஒரு அட்டை குடும்மா.”

“எழுதப் போறீங்களா?” என்று அந்தப் பெண் மலர்ந்தாள்.

“எழுதறேன். நிஜமாவே சந்தோஷமா இருந்ததை எழுதறேன்.”

உணவு இடைவேளையில் எழுதினாள். தேதிகள் மனப்பாடம். தொகைகள் அதைவிட மனப்பாடம். வரிகள் மூன்றுக்குமேல் போனதால் ஓரத்தில் நெருக்கி எழுதினாள். படித்துப் பார்க்க யாருக்கும் கொடுக்காமல், தானே போய்ப் பலகையில் குத்திவிட்டு வந்தாள்.

கடைசி நாள் பெரிய ஐயா வந்தார். பின்னால் படம் எடுக்க ஒருவர். ஐயா அட்டைகளைப் படித்துத் தலையாட்டிக்கொண்டே வந்து, தேதிகளுக்கு முன்னால் நின்றார்.

“இது யாரோடது?”

“என்னோடதுங்க ஐயா.”

“இதெல்லாம் என்ன? பிறந்த நாளா?”

“நான் உட்கார்ந்த நாளுங்க. பக்கத்துல இருக்கறது அதுக்கு நான் கட்டின காசு. மத்ததெல்லாம் எங்க வீட்டு சந்தோஷம், அதை நான் கொண்டு வரல. இங்க எனக்குக் கிடைச்ச சந்தோஷம் இதான். இதுவும் சும்மா கிடைக்கல.”

பெரிய ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். ஐயாவின் முகத்தில் ஒரு நொடி என்னவோ வந்து போனது. பிறகு, “நல்ல தமாஷா பேசறீங்கம்மா” என்று சிரித்துவிட்டு, அந்த அட்டை படத்தில் விழாதபடி நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

தமாஷ். ஒரே வருஷத்தில் ஏழு முறை சம்பளத்தில் கைவைத்துவிட்டு, அதைச் சொன்னால் தமாஷ்.

மதியம் அறிவிப்பு வந்தது. மடிப்பறை அட்டைகளில் ஒன்று விதிப்படி இல்லை. ஆகவே மடிப்பறைக்கு மட்டும் அரை நாள் கிடையாது.

சின்னவள் ஊருக்கென்று கட்டி வைத்திருந்த பையை மூலையில் போட்டாள். “உங்க வீம்புக்கு எங்கம்மாவப் பார்க்க முடியாம போச்சு, அக்கா.”

அரை நாளைப் பிடுங்கியது நானா அவர்களா என்று கஞ்சியக்கா கேட்கலாம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ரயில் போய்விட்டது. அதனால் கேட்கவில்லை. அன்று பிற்பகல் முழுக்க நின்றே மடித்தாள்.

புது ஆண்டு பிறந்து ஒரு வாரம் கழித்து, அவள் பெயருக்கு முதல் கடிதம் வந்தது. மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால், சின்னவளையே படிக்கச் சொன்னாள். கோபம் இருந்தாலும் அவள் வாங்கிப் படித்தாள். நிறுவனத்தைக் கேலி செய்ததற்கு விளக்கம் தர வேண்டும். தவறினால் வேலை போகும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியில் சின்னவள் நின்றாள். மறுபடி முதலிலிருந்து மெதுவாகப் படித்தாள்.

“‘பணி நேரத்தில் உட்கார்ந்ததை மகிழ்ச்சி என்று குறிப்பிட்டது கடுமையான ஒழுங்கீனம்.’”

அறையில் ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உட்கார்ந்தது தப்புன்னாங்க, சரி” என்றாள் சின்னவள். “உட்கார்ந்தா சுகமா இருக்குன்னு சொல்றதும் தப்பாக்கா?”

“அப்படித்தான் போட்டிருக்கு” என்றாள் கஞ்சியக்கா.

சின்னவள் கடிதத்தை மடித்தாள். அந்த அறையில் எதையும் கசக்கிப் பழக்கமில்லை. துண்டு மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, அங்கிகளை மடிக்க ஆரம்பித்தாள். “எனக்கும் ஒரு லெட்டர் போடட்டும்” என்றாள். பக்கத்தில் நின்றவள் இன்னொரு மூட்டையை இழுத்தாள். சற்று நேரத்தில் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கடிகாரம் சீட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தார். அதில் மூன்று தாள்தான் மீதி இருந்தது. “யாராவது மூணு பேரு எழுந்திரிங்க” என்றார். எவளும் எழவில்லை, ஒருத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கிழித்த மூன்று சீட்டிலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமல் பிடிக்க முடியாது என்ற விதியை அதற்குள் தராசுக்காரி கணக்குப் பிரிவில் கேட்டு வந்து சொல்லியிருந்தாள். “இந்தத் தடவை தெளிவா கேட்டுட்டேன் அண்ணி. ரெண்டு தடவை கேட்டேன்” என்றாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். விரிப்புக்கு நின்றார்கள், சின்னத் துணிக்கு உட்கார்ந்தார்கள். ஒரு வண்டிகூடத் தாமதமாகக் கிளம்பவில்லை. அதே விளக்கம் கேட்டு இரண்டாம் கடிதம் ஆறு பேருக்கும் சேர்த்து வந்தது. ஆறு பேரும் சேர்ந்து ஒரே பதில் எழுதினார்கள். ‘சந்தோஷத்தை எழுதச் சொன்னீர்கள், எழுதினோம். இனி ஸ்டூல் கொடுங்கள்.’ சின்னவள்தான் எழுதினாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளோடு ரயிலேறிப் போய், அவள் அம்மாவின் படுக்கையைத் தட்டி விரித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள் கஞ்சியக்கா.

பிறகு சில வாரங்கள் அலுவலகத்திலிருந்து சத்தமே இல்லை. ஒரு புதன்கிழமை, கிடங்கு ஆள் நான்கு ஸ்டூல்களையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறக்கினான். ஒரு வருஷத் தூசி. கூடவே அதிகாரிப் பெண் கடைசிக் கடிதத்தைக் கொண்டுவந்தாள். சின்னத் துணிகளை மடிக்கும் நேரத்தில் உட்கார நிர்வாகம் கருணையுடன் அனுமதிக்கிறது. இதுவரை பிடித்த தொகை திருப்பித் தரப்படமாட்டாது. இந்த விவகாரம் இத்துடன் முடிந்தது.

“கருணையாம்” என்றாள் கஞ்சியக்கா. “நம்ம கால்ல இருக்கற வலியை அவங்க பையிலேர்ந்து எடுத்துக் குடுத்த மாதிரி.”

கடிதத்தின் அடியில் ‘நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்டு, கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது. அதிகாரிப் பெண் பேனாவை நீட்டினாள். அவள் கண் ஸ்டூல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“போட்டுடுங்க அண்ணி” என்றாள் வாசலில் வந்து நின்ற தராசுக்காரி. “கேட்டது கிடைச்சாச்சு. ஒரு வார்த்தைதானே.”

“ஒரு வார்த்தைதான்.”

கஞ்சியக்கா ஒரு ஸ்டூலைத் துண்டால் துடைத்து, மேஜைக்கு அருகே இழுத்து, அதில் நிதானமாக உட்கார்ந்தாள். கடிதத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். ‘நன்றியுடன்’ என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தாள். மிச்சமிருந்த ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்குக் கீழே, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டு, தேதியைப் போட்டாள்.

பிப்ரவரி 11.